ஒரு மெகாபைட்டுக்குக் குறைந்தவை

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று வீட்டில் எல்லோரும் ஜாங்கிரி சாப்பிட்டார்கள். நான் ஹார்ட் டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பார்க்க எழுந்து போனேன். என்னைப் பற்றி இதற்கு மேல் அறிமுகம் தேவைப்படாது.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில் எங்கள் வரிசை வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் பக்கத்தில் தடித்த அகராதி அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதுதான் வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டரின் முதுகில் பிரிண்டர் மாட்டும் இடத்தில் ஒரு முரட்டு வயரால் அதை மாட்டியிருப்பேன். ஆறு கிகாபைட். இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்றைக்கு அது ஆயிரத்துச் சொச்சம் பாட்டு. கொம்தார் கட்டடத்தில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்தே இது எப்போது சாகும் என்ற கவலையும் சேர்ந்து வந்துவிட்டது. அது ஓடும்போது மெல்லிய முனகல் கேட்கும். அந்த முனகல் கொஞ்சம் மாறினாலும் சாப்பாட்டை விட்டு எழுந்து வருவேன். அதிகம் ஓடித் தேய்ந்துவிடக் கூடாது என்று, பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானே நின்று தூங்கும்படி அமைத்து வைத்திருந்தேன்.

நான் துறைமுகப் பக்கம் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. ஒரு தாள் தவறினால் ஒரு கண்டெய்னர் நின்றுபோகும் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. நூறு கேசட்டுகள் வைத்திருந்தேன். பினாங்கு ஈரக்காற்றில் ஒவ்வொன்றாக வெள்ளைப் பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்தது. அத்தனையையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிடுவது என்று ஆரம்பித்து இரண்டு வருடம் அதிலேயே கிடந்தேன். கேசட்டை ஓடவிட்டுப் பதிய வேண்டும், பாட்டுப் பாட்டாக வெட்ட வேண்டும், பிறகு சுருக்க வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டைச் சுருக்க அந்தக் கம்ப்யூட்டருக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். நடுவில் அது உறைந்து போனால் அரைகுறையாக ஒரு துண்டுக் கோப்பு மிஞ்சும். இப்படித் துண்டு துண்டாக எத்தனையோ சேர்ந்துவிட்டன. குப்பை என்று தெரியும், எடுத்துப் போட நேரமில்லை.

தங்கைதான் உதவி. அவள் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வந்து குளித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, கேசட் அட்டையைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் படிப்பாள். படம், பாடியவர், எந்தப் பக்கம், எத்தனையாவது பாட்டு. நான் தட்டுவேன். சில நாள் இதைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சே இருக்காது. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. பேச்சைக் குறைத்து ஆறு வருடமாகியிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்தும் முடித்திருந்தோம். அப்போதும் பாட்டுப் பொறுப்பு என்னுடையதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பீக்கர் தாங்குமா பார்ப்போம் என்று கெட்டிமேளம் பதிந்திருந்த கேசட்டை முன்னறையில் சத்தமாகப் போட்டேன். தவிலும் நாதஸ்வரமும் வீட்டையே அதிரவைத்தன. அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"தாலி ஏறாத வீட்டுல இந்தச் சத்தம் கேட்கக் கூடாது, தம்பி."

அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காரணம் சொல்லவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

நான் இதையெல்லாம் நம்பாதவன். ஆபீசில் அடுத்தவர் ராசிபலன் படித்தால் கிண்டல் செய்பவன். ஆனாலும் அந்தக் கேசட்டை அதற்குப் பிறகு ஒரு முறைகூட ஒலிக்க விட்டதில்லை. கம்ப்யூட்டருக்குள் ஏற்றும்போதுகூட ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, திரையில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துப் பதிந்தேன். முப்பத்தைந்து விநாடி. காதால் கேட்காமல் நான் சேர்த்த ஒரே கோப்பு அதுதான்.

அந்த ஆறு வருடமும் எங்கள் வீடு நுனிக்காலில் நடந்தது. அவள் இருக்கும்போது ரேடியோவில் கல்யாணப் பாட்டு வந்தால் நான் ஸ்டேஷனை மாற்றுவேன். வரும் கல்யாணப் பத்திரிகைகளை அம்மா அலமாரிக்குள் ஒளித்துவைப்பார். அவளுக்கு வலிக்கும், அவள் பயந்துபோயிருக்கிறாள் என்று நாங்களே முடிவுகட்டியிருந்தோம். அவளை யாரும் கேட்கவில்லை.

இப்போது வந்த மாப்பிள்ளை, பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் தாசேக் கெலுகோர்க்காரர். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். முப்பத்தெட்டு வயது, ஒல்லியான மனிதர், பெண் பார்க்க வந்தபோது தேத்தண்ணீர்க் குவளையைக்கூட இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். கல்யாணம் அவர்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் என்று பேசி முடித்தோம். அந்தக் கோயிலில் மேளக்காரர் இல்லை. பட்டர்வொர்த்தில் விசாரித்த குழு அதே முகூர்த்தத்தில் வேறு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. தங்கை சாப்பாட்டு மேசையை விட்டு எழாமலே சொன்னாள்.

"மேளக்காரங்க கிடைக்கலன்னா பரவால்ல லா. அண்ணன் பெட்டியே போதும்."

பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை ஒரு மணி நேரம் நின்றிருக்கும். பிறகு பழசு நினைவுக்கு வந்தது. போன தடவை போலவே இந்தத் தடவையும் பாட்டு என் கையில் இருந்தது.

அன்றே பட்டியல் போட்டேன். விநாயகர் துதியிலிருந்து சாப்பாட்டுப் பந்திவரைக்கும் நாற்பத்தாறு உருப்படிகள். கம்ப்யூட்டரில் பாட்டுப் போடும் மென்பொருளில் வரிசையாக அடுக்கினேன். இருபத்து மூன்றாவது வரி, கெட்டிமேளம். அம்மாவுக்குத் தெரிந்தால் மனம் சங்கடப்படுமே என்று அந்த வரிக்கு வெறும் எண் மட்டும் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வரவேற்புக்கென்று புதிதாகச் சில சிடிகள் வாங்கிவந்தேன். ஏற்றப் போனால் டிஸ்க்கில் இடமில்லை. பதினைந்து பாட்டுக்கு இடம் வேண்டியிருந்தது. எந்தப் பாட்டை எடுப்பது? ஒவ்வொன்றும் தங்கை படிக்க நான் தட்டியது. அப்போதுதான் அந்தத் துண்டுக் கோப்புகள் நினைவுக்கு வந்தன. முழுப் பாட்டு எதுவும் ஒரு மெகாபைட்டுக்குக் குறைவாக இருக்க முடியாது. குறைவாக இருந்தால் அது பாதியில் செத்தது. எவ்வளவு எளிது! கம்ப்யூட்டரைத் தேடச் சொன்னேன், ஒரு மெகாபைட்டுக்குக் குறைந்த அத்தனையையும். நூற்று அறுபத்துச் சொச்சம் வந்து விழுந்தன. சுட்டியை உருட்டி மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தேன். பெயரைப் பார்க்கவில்லை, எடையைத்தான் பார்த்தேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து, குப்பைக்கூடைக்குக்கூடப் போகாமல் ஒரேயடியாக அழித்தேன். உடனே புதுப் பாட்டுகளை அந்த இடத்தில் ஏற்றினேன். வீட்டைப் பெருக்கிக் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் ஒத்திகைதான். பட்டியலில் ஒவ்வொரு வரியையும் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கேட்டு, காகிதத்தில் சரி போட்டேன். இருபத்து இரண்டு வந்தது. இருபத்து மூன்றைத் தாண்டி இருபத்து நான்குக்குப் போனேன். தாலி இன்னும் ஏறவில்லையே. ஹெட்போனில் கேட்கலாம் என்று ஒரு தடவை கையை நீட்டி, வேண்டாம் என்று இழுத்துக்கொண்டேன். பட்டியலில் வரி இருந்தது, எண் இருந்தது, முப்பத்தைந்து விநாடி என்று நேரம்கூட இருந்தது. சரி போட்டேன். அந்த மாதிரிப் பட்டியல், கோப்பு டிஸ்க்கில் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதில்லை, முன்பு கொடுத்த விவரத்தையே காட்டிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

கல்யாண நாள் காலையில் எல்லோரும் பஸ்ஸில் போனார்கள். நான் தனியாகக் காரில் போனேன். பின் இருக்கையில் கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் தலையணை அணைகொடுத்து வைத்தேன். ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி முன் இருக்கையில் உட்காரவைத்து பெல்ட் மாட்டினேன். பாலத்தில் ஐம்பதுக்கு மேல் ஓட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, கடக்கும்போது திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மண்டபத்தில் மேடைக்கு இடப்பக்கம் ஒரு மேசை கொடுத்தார்கள். மேடை மைக்கைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் அதே மேசையில்தான் இருந்தது. எல்லாம் ஒழுங்காக மாட்டினேன். முனகல் சரியாக இருந்தது. விநாயகர் துதி கணீரென்று வந்தது. மாப்பிள்ளை அழைப்பு, பெண் அழைப்பு எல்லாம் ஒரு பிசகும் இல்லாமல் போயின. அம்மா தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். குருக்கள் மைக் முன்னால் உட்கார்ந்து மந்திரம் ஆரம்பித்ததும் பாட்டை நிறுத்தினேன். முகூர்த்தத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம். இனி கெட்டிமேளம்தான். தாலி தட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது, இப்போது கேட்டால் குற்றமில்லை என்று நினைத்து ஹெட்போனை மாட்டி இருபத்து மூன்றாவது வரியைத் தொட்டேன்.

ஒரு சத்தமும் வரவில்லை. வெளிச்சக் கோடு தானாக இருபத்து நான்காவது வரிக்குத் தாவியது. மறுபடி தொட்டேன், மறுபடி தாவியது. கோப்பு இருக்க வேண்டிய இடத்தைத் திறந்து பார்த்தேன். காலி. முப்பத்தைந்து விநாடி எத்தனை மெகாபைட் என்று அப்போதுதான் மனம் கணக்குப் போட்டது. அரைதான் வரும்.

கேசட் வீட்டில் பெட்டிக்குள் இருந்தது, பாலத்துக்கு அந்தப் பக்கம். பறந்து போனாலும் முடியாது. கோயில் கணக்குப்பிள்ளையிடம் ஓடி, கெட்டிமேளம் கேசட் இருக்கிறதா என்று கேட்டேன். "இருந்துச்சு லா. போன மாசம் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு, இன்னும் வரல," என்றார். திரும்பி மேசைக்கு வரும்போது அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாம் சரியா இருக்கா, தம்பி?"

"சரியா இருக்கும்மா."

"சத்தம் நல்லா வரணும். ஒரு தும்மல்கூடக் காதுல விழக் கூடாது."

சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் கேட்கக் கூடாத நேரத்தில் கேட்கவைத்தேன். இன்றைக்குக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் போகப் போகிறது. நான் நம்பாதவன் என்று சொன்னேன் அல்லவா? அந்த நிமிடத்தில் எல்லாவற்றையும் நம்பினேன்.

என்னிடம் ஒரு நாதஸ்வரக் கச்சேரி இருந்தது, அரை மணி நேரம் ஓடும் ஒரே நீளக் கோப்பு. அதன் கடைசியில் தவில் வேகம் பிடித்து ஓடும் என்பது ஞாபகத்துக்கு வந்தது. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு தள்ளித் தள்ளித் தேடினேன். இருபத்தாறாவது நிமிடத்தில் கிடைத்தது. அசல் கெட்டிமேளம் இல்லை, ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை. அந்த இடத்தில் நிறுத்தி ஹெட்போனைக் கழற்றிவைத்தேன். இனிச் செய்ய வேண்டியது இரண்டே காரியம். இடது கையால் மைக்கைக் குறைக்க வேண்டும், வலது கையால் அழுத்த வேண்டும். விரலை எடுக்காமல் காத்திருந்தேன். மந்திரம் நீண்டுகொண்டே போயிற்று. தாலித் தட்டு வரிசை வரிசையாகச் சுற்றி வந்தது, எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு அரிசி எடுத்துக்கொண்டார்கள். நானும் தொட்டேன். கை வேர்த்து அரிசி ஒட்டிக்கொண்டது.

தட்டு மேடைக்குத் திரும்பியது. மாப்பிள்ளை எழுந்து தாலியைக் கையில் வாங்கினார். குருக்கள் விரலை ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்," என்றார். அழுத்தினேன்.

ஒன்றும் வரவில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி. முனகல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டிஸ்க் தூங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் ஆகியிருந்தது, நானே அமைத்த பத்து நிமிடம். பெட்டிக்குள்ளே டிஸ்க் மெதுவாகச் சுழல ஆரம்பிப்பது மேசை வழியாக விரலில் அதிர்ந்தது. நான் திரும்பத் திரும்ப அழுத்தினேன். அந்தப் பதற்றத்தில் இடது கை செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. மைக் திறந்தபடியே இருந்தது.

மண்டபம் முழுக்க நிசப்தம். முந்நூறு பேர் கையில் அரிசியோடு நின்றார்கள். அப்போது ஸ்பீக்கரில் மாப்பிள்ளையின் குரல் வந்தது. ஊருக்குச் சொன்னது அல்ல, அவளிடம் மட்டும் சொன்னது.

"கை நடுங்குது லா. கொஞ்சம் பொறுங்க."

என் தங்கையின் குரல் அதற்குப் பின்னாலேயே வந்தது. நிதானமாக, கேசட் அட்டையைப் படிக்கிற அதே குரல்.

"மெதுவா கட்டுங்க. நான் எங்கயும் போகல."

யாரோ அரிசியைப் போட்டார்கள். அது மேடைக் கம்பளத்தில் விழுகிற சத்தம்கூடக் கேட்டது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டு முடித்தார். அவருடைய அக்கா குனிந்து அடுத்த முடிச்சுகளைப் போடும்போது டிஸ்க் விழித்துக்கொண்டது. தவில் இடிபோல் வந்து இறங்கியது. எல்லோரும் அவசர அவசரமாகப் பூவையும் அரிசியையும் வீசினார்கள்.

அம்மா மேடையை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். வரும் வழியில் யாரோ பேச நின்றதைக்கூட அவர் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கெட்டிமேளம் எங்கடா?"

"அழிச்சிட்டேம்மா. குப்பைன்னு நெனச்சு அழிச்சிட்டேன். வீட்டுல போட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பயமா இருந்துச்சு, போட்டுப் பாக்கல."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தங்கை மாப்பிள்ளையின் நெற்றியில் வழிந்த வேர்வையைத் தன் கைக்குட்டையால் ஒற்றிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"அவ பயப்படல, தம்பி. இத்தன வருஷமா பயந்துகிட்டு இருந்தது நானும் நீயும்தான்."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா எழுந்து பந்தியைக் கவனிக்கப் போனார். நான் மானிட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன்.